வினாவின் வளைகோடு கோணலாக வரும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கொள்குறி வகைத் தேர்வு ஒன்றின் விடைகளை வினா மறுமொழிக் கோட்பாட்டு (IRT) மாடலில், அதாவது தேர்வரின் திறனைக் கொண்டு ஒரு வினாவுக்கு அவர் சரியாக விடையளிக்கும் வாய்ப்பைக் கணிக்கும் புள்ளியியல் மாடலில், இட்டு, ஒவ்வொரு வினாவும் குறைந்த திறனுள்ள தேர்வர்களிடமும் மிகுந்த திறனுள்ளவர்களிடமும் எப்படி நடந்துகொள்கிறது என்று வளைகோடு வரைந்து பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலான வினாக்கள் ஒழுங்காகவே வரும். கோணலாக வருகின்றவற்றில் திரும்பத் திரும்பத் தென்படும் அறிகுறிகள் சிலவே. அவற்றுக்கு மாடல் காரணமாக இருப்பது அரிது என்பதே இந்த வேலையில் நான் கண்டது. விடைக்குறிப்பு, தரவுக் கோப்பு, அச்சான வினாத்தாள், வினாவின் வாசகம் என்ற வரிசையில் தேடினால் பெரும்பாலும் வழியிலேயே காரணம் கிடைத்துவிடும். மென்பொருளின் அமைப்புகளை மாற்றிக் கோட்டை நேராக்குவது எளிது என்றாலும், அப்படிச் செய்யும்போது தவறான வினாவால் மதிப்பெண் இழந்த மாணவர் இழந்தவராகவே நின்றுவிடுகிறார்.

கீழே மூன்று எண்கள் அடிக்கடி வரும். வினா எந்தத் திறன் நிலையில் நிற்கிறது என்பதைக் கடின மதிப்பும், வளைகோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதைப் பாகுபாட்டு மதிப்பும், ஒன்றும் தெரியாதவர்கூடச் சரியாகக் குறித்துவிடும் வாய்ப்பை ஊக மதிப்பும் சொல்கின்றன. மூன்றையும் கணிப்பது மூன்று அளவுரு மாடல், ஊக மதிப்பை விட்டுவிடுவது இரு அளவுரு மாடல், வினாவுக்கு வினா கடின மதிப்பை மட்டும் கணிப்பது ராஷ் மாடல். திறன் அளவுகோலின் சராசரி 0, திட்டவிலக்கம் 1 என்று கொள்ளப்படுவதால் ஏறக்குறைய எல்லாத் தேர்வர்களும் −3 முதல் +3 வரைக்குள் அடங்குவார்கள்.

எதையும் தொடுமுன்: ஐந்து குழு அட்டவணை

ஆராய வேண்டிய வினாவை விட்டுவிட்டு, மற்ற வினாக்களின் மொத்த மதிப்பெண்ணால் தேர்வர்களை வரிசைப்படுத்தி, சம எண்ணிக்கையுள்ள ஐந்து குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் அ, ஆ, இ, ஈ ஆகிய தெரிவுகளை எத்தனை விழுக்காட்டினர் குறித்தார்கள், எத்தனை பேர் எதையும் குறிக்காமல் விட்டார்கள் என்று அட்டவணையிடுங்கள். சரியான விடையின் ஐந்து விழுக்காடுகளையும் மாடல் தந்த வளைகோட்டின் மேல் புள்ளிகளாக வையுங்கள். எக்செல் தெரிந்த எவரும் செய்துவிடக்கூடிய இந்த அட்டவணைதான் கீழே சொல்லும் எல்லாச் சோதனைகளுக்கும் அடிப்படை. சரி என்றால் 1, தவறு என்றால் 0 என்று மாற்றப்பட்ட கோப்பு மட்டுமே உங்களிடம் இருந்தால், தெரிவுகள் அப்படியே உள்ள மூலக் கோப்பைக் கேட்டு வாங்கிய பிறகு தொடங்குங்கள்; 0 என்ற எண்ணுக்குள் எந்தத் தவறான தெரிவு ஒளிந்திருக்கிறது என்பது தெரியாமல் பாதிச் சோதனைகளைச் செய்யவே முடியாது.

அறிகுறி 1: திறன் கூடக் கூட வளைகோடு இறங்குகிறது

பாகுபாட்டு மதிப்பு எதிர்மறையாக இருக்கிறது. நன்றாகப் படித்தவர்கள் தவறாகவும் மற்றவர்கள் சரியாகவும் விடையளித்ததாகத் தெரிகிறது.

*ஒரு வினா மட்டும் இறங்கினால்* முதலில் விடைக்குறிப்பைப் பாருங்கள். −3² என்பதன் மதிப்பு கேட்கப்பட்டு, விடைக்குறிப்பில் 9 என்று பதிவாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அட்டவணையின் மேல் குழுவில் பெரும்பாலானோர் −9 என்ற தெரிவைக் குறித்திருப்பார்கள்; 9 என்ற தெரிவு கீழ்க் குழுக்களில் தடித்தும் மேல் குழுவில் மெலிந்தும் காணப்படும். மேல் குழு ஒரே ஒரு ‘தவறான’ தெரிவில் திரண்டிருந்தால், ஏறக்குறைய எப்போதும் விடைக்குறிப்பே தவறு.

*மேல் குழு இரண்டு தெரிவுகளில் பிரிந்து நின்றால்* இரண்டும் சரியாக இருக்கக்கூடும். ‘பின்வருவனவற்றுள் இணைகரம் எது?’ என்று கேட்டுத் தெரிவுகளில் செவ்வகத்தையும் சாய்சதுரத்தையும் ஒருசேர வைத்தால், பாடம் அறிந்தவர்கள்தான் தடுமாறுவார்கள். இந்த வகை வினாவில் வளைகோடு முழுவதும் இறங்காமல், நடுவில் ஏறி மேல் பகுதியில் மட்டும் மடங்குவதும் உண்டு.

*பல வினாக்கள் ஒன்றாக இறங்கினால்* வினாத் தொகுப்பின் வரிசைக் குறியீட்டைச் சந்தேகியுங்கள். வினாக்களின் வரிசை மாற்றி அச்சிடப்பட்ட தொகுப்புகளில், ஒரு வரிசையின் விடைக்குறிப்பு இன்னொரு வரிசைக்குப் பொருத்தப்பட்டிருக்கலாம். அட்டவணையை வரிசை வாரியாகப் பிரித்துப் போட்டால், கோளாறு ஒரே வரிசையில் மட்டும் தெரியும்.

*எல்லா வினாக்களுமே இறங்கினால்* அது பிழையே அல்ல. மென்பொருள் திறன் அளவுகோலைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது. எல்லாப் பாகுபாட்டு மதிப்புகளின் குறியையும் கடின மதிப்புகளின் குறியையும் திறன் மதிப்புகளின் குறியையும் ஒருசேர மாற்றினால் போதும். மனப்பான்மை வினாநிரல்களில் சில கூற்றுகள் மட்டும் இறங்கினால், எதிர்மறையாக எழுதப்பட்ட அந்தக் கூற்றுகளுக்கு மதிப்பெண் திருப்பியிடப்படவில்லை என்று பொருள்.

இவை எதுவும் இல்லையென்றால், வினாவே ஆழ்ந்து படித்தவரைத் தண்டிக்கிறது என்ற கடினமான காரணம் எஞ்சுகிறது. பாடநூல் எளிமைப்படுத்திச் சொன்ன ஒரு விதியை வினா அப்படியே கேட்க, அதன் விதிவிலக்கை அறிந்த மாணவர் வேறு விடையைக் குறிக்கிறார். இதை எண்களால் தீர்க்க முடியாது. விடைக்குறிப்பைக் காட்டாமல் இரண்டு பாட வல்லுநர்களிடம் தனித்தனியே வினாவைக் கொடுங்கள். இருவரும் ஒரே விடைக்கு வராவிட்டால் வினாவை நீக்கப் பரிந்துரையுங்கள்.

பாகுபாட்டு மதிப்பு நேர்மறையாகத்தான் இருக்க வேண்டும் என்று மென்பொருளுக்குக் கட்டுப்பாடு விதிப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். இறங்கிய கோடு தட்டையாகி எச்சரிக்கை மறைந்துவிடும். தவறான விடைக்குறிப்பு அங்கேயே இருக்கும். விடைக்குறிப்பைத் திருத்திய பின் அந்த ஒரு வினாவை மட்டுமின்றி முழுத் தேர்வையும் மறுபடி கணக்கிட வேண்டும். ஏனெனில் எல்லாருடைய திறன் மதிப்பும் சிறிதளவாவது நகர்ந்திருக்கும். முடிவுகள் ஏற்கெனவே வெளியாகிவிட்டிருந்தால், நீங்களே திருத்திவிட்டு நகராமல், சான்றுகளோடு தேர்வு நடத்திய அமைப்பிடம் எழுத்துமூலம் தெரிவியுங்கள்.

அறிகுறி 2: வளைகோடு ஏறவே இல்லை

பாகுபாட்டு மதிப்பு 0.3-க்கும் கீழே கிடக்கிறது. அட்டவணையின் ஐந்து குழுக்களிலும் நான்கு தெரிவுகளும் ஏறக்குறைய 25 விழுக்காடாக இருந்தால், யாருக்கும் விடை தெரியவில்லை, அல்லது ஓஎம்ஆர் தாளைப் படித்த கருவி ஒரு வரிசை தள்ளிப் படித்திருக்கிறது என்று பொருள். சில மூலத் தாள்களைக் கையால் எடுத்து, கோப்பிலுள்ள விடையோடு ஒப்பிட்டால் இரண்டாவது காரணம் சில நிமிடங்களில் உறுதியாகும் அல்லது விலகும்.

எல்லாக் குழுக்களிலும் 95 விழுக்காட்டுக்கு மேல் சரி என்றால் வினா எளியது, அவ்வளவே. தேர்வின் தொடக்கத்தில் பதற்றம் தணிக்க வைத்த வினாவாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. நடுத்தரக் கடினமுள்ள வினா தட்டையாக இருந்தால் மட்டுமே வினா அளப்பது வேறொரு திறனாக இருக்குமோ என்று யோசிக்க வேண்டும்; கணக்குத் தேர்வில் ஒரு பத்தி நீளமுள்ள வினா, கணக்கை அளக்காமல் வாசிப்பை அளந்துகொண்டிருக்கலாம். அப்படிப்பட்ட வினாக்கள் பல இருந்தால், தேர்வு முழுவதும் ஒரே திறனையே அளக்கிறது என்ற மாடலின் எடுகோள் பொருந்துகிறதா என்பதைக் காரணிப் பகுப்பாய்வு தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

அறிகுறி 3: கடின மதிப்பு +11 அல்லது −9 என்று எங்கோ போய் நிற்கிறது

இதைக் கண்டு ‘மிகக் கடினமான வினா’ என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். எழுதுமுன் பாகுபாட்டு மதிப்பைப் பாருங்கள். இரு அளவுரு மாடலில் கடின மதிப்பு என்பது, வெட்டு மதிப்பின் (மாடலின் நேர்கோட்டுச் சமன்பாட்டில் திறன் 0 ஆகும்போது வரும் எண்ணின்) குறியை மாற்றிப் பாகுபாட்டு மதிப்பால் வகுத்தால் வருவது. வெட்டு மதிப்பு −1.1, பாகுபாட்டு மதிப்பு 0.1 என்றால் கடின மதிப்பு 11 ஆகிவிடும்; ஆனால் சராசரித் தேர்வர் இந்த வினாவைச் சரியாகச் செய்யும் வாய்ப்பு 0.25. அதாவது நான்கு தெரிவுகளில் எல்லாரும் குத்துமதிப்பாகக் குறித்த வினாதான் 11 என்ற எண்ணாக வந்திருக்கிறது. இது அறிகுறி 2-இன் மறுவடிவம். அங்கே திரும்பிச் செல்லுங்கள்.

பாகுபாட்டு மதிப்பு ஒழுங்காக இருந்தும் கடின மதிப்பு −4, −5 என்று வந்தால், ஏறக்குறைய எல்லாரும் சரியாக விடையளித்த வினா அது. அதன் திட்டப்பிழை, அதாவது கணிப்பில் உள்ள உறுதியின்மை, பெரிதாக இருக்கும். அந்த எண்ணை வினா வங்கியில் உறுதியான மதிப்பாகப் பதிய வேண்டாம். எல்லாருமே சரி, அல்லது எல்லாருமே தவறு என்றால் மதிப்பிடுவதற்கு எதுவும் இல்லை. வினாவைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டு ஓடவிடுங்கள்.

அறிகுறி 4: ஊக மதிப்பு நம்ப முடியாததாக இருக்கிறது, அல்லது கணக்கு முடிவுக்கு வர மறுக்கிறது

*0.45, 0.5 என்று உயர்ந்து வந்தால்* தவறான தெரிவுகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று அட்டவணையில் பாருங்கள். இரண்டு தெரிவுகளைக் கீழ்க் குழுவில்கூட யாரும் தொடவில்லையென்றால், நான்கு தெரிவு வினா நடைமுறையில் இரண்டு தெரிவு வினாவாகிவிட்டது, 0.5 என்பது உண்மையான மதிப்பு. தெரிவுகளை மாற்றி எழுதுவதே மருந்து.

*0.25-க்கு மிகவும் கீழே வந்தால்* பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. சதுரத்தின் பக்கம் இரு மடங்கானால் பரப்பு எத்தனை மடங்காகும் என்று கேட்டால், பாடம் புரியாத மாணவர் குருட்டுத்தனமாகக் குறிப்பதில்லை. ‘2’ என்ற தெரிவை நம்பிக்கையோடு குறிக்கிறார். அதனால் கீழ்க் குழுவின் சரியான விடை குருட்டு ஊகத்துக்கும் கீழே இறங்குகிறது. நல்ல தவறான தெரிவு செய்ய வேண்டிய வேலையே அதுதான். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கும் தேர்வுகளில், தெரியாதவர்கள் குறிக்காமல் விட்டுவிடுவதாலும் இந்த எண் குறையும்.

*எண் எதுவாக இருந்தாலும் திட்டப்பிழை மிகப் பெரிதாக இருந்தால்* கீழ்ப் பகுதியில் தேர்வர்கள் இல்லை என்று பொருள். எளிய வினாவில் ஊகித்தவர்களே இல்லாதபோது ஊக மதிப்பை எங்கிருந்து கணிப்பது? இந்த நிலையில் ஊக மதிப்புக்கு ஒரு முன்னனுமானப் பரவலை, அதாவது எந்த மதிப்புகள் நம்பத்தக்கவை என்ற முன்கணிப்பை, கொடுப்பது நேர்மையான வழி. ஐந்து தெரிவு வினாவுக்கு 5, 17 ஆகிய அளவுருக்கள் கொண்ட பீட்டா பரவல் பழக்கத்தில் உள்ள ஒன்று. அதன் முகடு 0.20, சராசரி சுமார் 0.23. எல்லா வினாக்களுக்கும் பொதுவான ஒரே ஊக மதிப்பை வைப்பது இன்னொரு வழி.

*சுழற்சிகள் தீர்ந்தும் கணக்கு முடியாவிட்டால்*, ஆர் (R) என்ற புள்ளியியல் மொழியின் மிர்ட் (mirt) தொகுப்பில் இயல்பாக உள்ள 500 என்ற வரம்பை உயர்த்துவதற்கு முன் தேர்வர் எண்ணிக்கையைப் பாருங்கள். மூன்று அளவுரு மாடலுக்கு ஆயிரம் பேருக்கு மேலும், இரு அளவுரு மாடலுக்குச் சுமார் 500 பேரும், ராஷ் மாடலுக்கு இருநூறு பேர் அளவிலும் வேண்டும் என்பது நடைமுறை விதி. முந்நூறு பேரின் விடைகளை வைத்துக்கொண்டு மூன்று அளவுரு மாடலோடு மல்லுக்கட்டுவதைவிட ராஷ் மாடலுக்கு இறங்கிவிடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

இதையொட்டி அடிக்கடி வரும் ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கடின மதிப்பு நிற்கும் இடத்தில் நிகழ்தகவு 0.5 இல்லையே என்று கேட்கிறார்கள். ஊக மதிப்பு உள்ள மாடலில் அப்படி இருக்காது. ஊக மதிப்புக்கும் 1-க்கும் நடுவில் இருக்கும். ஊக மதிப்பு 0.20 என்றால் அந்த இடத்தில் நிகழ்தகவு 0.60.

அறிகுறி 5: வளைகோடு சுவர் போல எழுகிறது

பாகுபாட்டு மதிப்பு 4, 5 என்று வந்தால் மகிழ்ச்சியடையாமல் சந்தேகப்படுங்கள். அந்த வினாவுக்கு எங்கோ ஓர் இணை இருக்கிறது. ஒரே வினா கோப்பில் இருமுறை பதிவாகியிருப்பது எளிய காரணம். 14-ஆம் வினாவின் விடை தெரிந்தால்தான் 15-ஆம் வினாவைச் செய்ய முடியும் என்பது அடுத்தது. ஒரே பத்தியையோ வரைபடத்தையோ அடிப்படையாகக் கொண்ட வினாக் கொத்து மூன்றாவது.

இதைச் சோதிக்க, மாடல் எதிர்பார்த்த விடைக்கும் உண்மை விடைக்கும் உள்ள வேறுபாடுகளை (எச்சங்களை) வினா இணை வாரியாக ஒட்டுறவு பாருங்கள். 1984-இல் வெண்டி யென் முன்வைத்த க்யூ 3 என்ற அளவை இதுவே. ஒன்றுக்கொன்று சார்பில்லாத வினாக்களில் இது பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்; 30 வினாத் தேர்வில் ஏறக்குறைய −0.03. இணைகளின் சராசரியைவிட 0.2-க்கு மேல் உயர்ந்து நிற்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் இணை மட்டும் என்றால் ஒன்றை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். கொத்தாக இருந்தால் அதை ஒரே பல மதிப்பெண் வினாவாகச் சேர்த்து, சமேஜிமாவின் படிநிலை மாடலில் இடலாம். இதைச் செய்யாமல் விட்டால் தேர்வின் தகவல் மதிப்பு (தேர்வு எவ்வளவு துல்லியமாக அளக்கிறது என்ற எண்) ஊதிப்பெருத்து, திட்டப்பிழை உண்மையைவிடச் சிறியதாகத் தெரியும். தேர்ச்சிக் கோட்டுக்கு அருகில் நிற்கும் மாணவரைப் பற்றி நமக்கு இல்லாத உறுதியை அது தந்துவிடும். தேர்வின் பாதி இப்படிப்பட்ட கொத்துகளாக இருந்தால் உளவியல் அளவீட்டு வல்லுநரை அழைக்க வேண்டிய இடம் இதுதான்.

எச்ச ஒட்டுறவு ஒரே தேர்வு மையத்தில் மட்டும் உயர்ந்து, தவறான தெரிவுகளும் ஒத்துப்போனால், அது வினாவின் கோளாறு அல்ல. அங்கே விடைகள் பகிரப்பட்டனவா என்று கண்டுபிடிக்கும் பொறுப்பும் அதிகாரமும் ஆய்வாளருக்கு இல்லை. தரவைத் தொடாமல் தேர்வு அமைப்பிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

அறிகுறி 6: தேர்வின் கடைசி வினாக்கள் மட்டும் பொருந்தவில்லை

வினா எண்ணை வரிசையாக வைத்து, குறிக்காமல் விட்டவர்களின் விழுக்காட்டை வரையுங்கள். கடைசியில் அது சட்டென்று உயர்ந்தால் நேரம் போதவில்லை. நடுவில் விட்டுச்சென்ற வினாவையும், கடைசிவரை எட்டாமலே போன வினாவையும் ஒரே 0-ஆகப் பதியும் பழக்கமே கோளாறுக்குக் காரணம். வினாவின் பண்புகளைக் கணிக்கும்போது எட்டாத வினாக்களைக் கேட்கப்படாதவையாகக் கொள்ளுங்கள். மாணவருக்கு மதிப்பெண் இடும்போது எந்த விதி என்பது தேர்வின் அறிவிப்பில் உள்ளபடிதான். அதை நீங்கள் மாற்றக் கூடாது.

அறிகுறி 7: இரண்டு குழுக்களுக்கு இரண்டு வளைகோடுகள்

சமமான திறனுள்ளவர்களில் தமிழ்வழியில் எழுதியவருக்கு ஒரு வாய்ப்பும் ஆங்கிலவழியில் எழுதியவருக்கு வேறொரு வாய்ப்பும் இருந்தால், அந்த வினா அளக்க வேண்டியதற்கு அப்பால் எதையோ அளக்கிறது. சம திறன் என்ற சொற்களே இங்கே அடிப்படை. ஒரு குழுவின் மொத்தச் சரி விழுக்காடு குறைவு என்பதால் மட்டும் வினா பாரபட்சமானது ஆகிவிடாது. மொத்த மதிப்பெண்ணால் இணைசேர்த்த பிறகும் வேறுபாடு நிலைத்தால்தான் அறிகுறி.

சோதனைக்கு மேன்டல்–ஹேன்செல் முறை போதும். ஒவ்வொரு மதிப்பெண் நிலையிலும் இரு குழுக்களின் சரி, தவறு எண்ணிக்கைகளை வைத்துப் பொதுவான வாய்ப்பு விகிதத்தைக் (ஒரு குழுவின் சரி–தவறு விகிதத்தை மற்றதன் விகிதத்தால் வகுத்து வருவதை) கணித்து, அதன் இயல் மடக்கையை −2.35-ஆல் பெருக்குங்கள். அமெரிக்காவின் கல்வித் தேர்வுச் சேவை நிறுவனம் வகுத்த நடைமுறையில், குறியை நீக்கிப் பார்த்தால் 1-க்குக் கீழ் உள்ளது புறக்கணிக்கத்தக்கது, 1.5-ஐ எட்டி, 1-ஐவிட அதிகம் என்பதும் புள்ளியியல் வழியில் உறுதியானால் பெரிய வேறுபாடு. வாய்ப்பு விகிதத்தில் சொன்னால் இவை சுமார் 1.53, 1.89. இரு வளைகோடுகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வினாவில் மேலும் கீழும் ஈடுகட்டப்பட்டு இந்தச் சோதனை ஏமாந்துவிடும். அங்கே குழுவுக்கும் திறனுக்கும் இடையிலான ஊடாட்டத்தைச் சேர்த்த லாஜிஸ்டிக் தொடர்புப் போக்கைப் பயன்படுத்துங்கள். சிறிய குழுவில் இருநூறு பேர்கூட இல்லையென்றால் எந்த முடிவையும் அறிவிக்க வேண்டாம்.

காரணத்தைத் தேடும்போது அச்சான இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துத் தொடங்குங்கள். கணினியில் உள்ள கோப்பு போதாது. ஒரு பதிப்பில் கழித்தல் குறி உதிர்ந்திருக்கும், படத்தின் பெயரிடல் மங்கியிருக்கும், தெரிவுகளின் வரிசை மாறியிருக்கும். இவை இல்லையென்றால் மொழிபெயர்ப்பைப் பாருங்கள்: பாடநூலில் உள்ள கலைச்சொல்லா, அகராதியிலிருந்து எடுக்கப்பட்ட சொல்லா, வாக்கியம் ஒரே வாசிப்பில் புரிகிறதா என்பவை மூன்று கேள்விகள். அதற்கும் அப்பால் பாடத்திட்ட வேறுபாடும், வினாவின் பின்னணி ஒரு சாராருக்கு மட்டும் பழக்கமானதாக இருப்பதும் வரும். பல வினாக்கள் ஒரே திசையில் சாய்ந்திருந்தால், இணைசேர்க்கப் பயன்பட்ட மொத்த மதிப்பெண்ணே கறைபட்டிருக்கும். கொடியிடப்பட்ட வினாக்களை நீக்கி மொத்தத்தை மறுபடி கணக்கிட்டு, சோதனையை மீண்டும் ஓட்டுங்கள்.

இதைத் தேர்வுக்கு முன்பே, முன்னோட்டத் தரவில் செய்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததாக வழக்குத் தொடரப்பட்டது; சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் வழங்க அவ்வாண்டு ஜூலையில் ஆணையிட்டது; உச்ச நீதிமன்றம் அதற்கு முதலில் தடை விதித்துப் பின்னர் அந்த ஆணையை ரத்து செய்தது. தேர்வு முடிந்த பிறகு எவருக்கும் முழு நியாயம் செய்யும் கணக்கு கிடையாது. எண்கள் கொடியைத்தான் காட்டும். வினா நியாயமற்றதா என்ற தீர்ப்பை இரு மொழியிலும் பாடம் நடத்திய ஆசிரியர்கள் அடங்கிய குழு சொல்ல வேண்டும்.

அறிகுறி 8: எண்கள் முன்பு இருந்ததுபோல் இல்லை

*இரண்டு மென்பொருள்கள் வேறுபட்டால்*, எல்லா வினாக்களின் பாகுபாட்டு மதிப்புகளையும் ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் 1.7 வந்தால் இரண்டும் ஒன்றே. ஒன்று இயல்நிலை வளைகோட்டை ஒத்திருப்பதற்கான பெருக்கியைச் சேர்த்திருக்கிறது, மற்றொன்று சேர்க்கவில்லை.

*சென்ற ஆண்டின் மதிப்பிலிருந்து எல்லா வினாக்களும் ஒரே அளவு நகர்ந்திருந்தால்*, இரண்டு ஆண்டு அளவுகோல்கள் இன்னும் இணைக்கப்படவில்லை. புதிய தேர்வர் கூட்டத்தின் சராசரியும் 0 என்றே கொள்ளப்பட்டிருக்கிறது. இரு தாள்களுக்கும் பொதுவான நங்கூர வினாக்களை வைத்து இணைத்த பிறகே ஒப்பிடுங்கள்.

*இணைத்த பிறகும் ஒரு நங்கூர வினா மட்டும் எளிதாகியிருந்தால்* அது தாளில் இடம் மாறியிருக்கிறதா, எழுத்து வடிவம் மாறியிருக்கிறதா, அந்தப் பாடம் இவ்வாண்டு அழுத்தமாக நடத்தப்பட்டதா, அல்லது வினா வெளியே கசிந்துவிட்டதா என்று இந்த வரிசையில் பாருங்கள். காரணம் எதுவாக இருந்தாலும் அதை நங்கூரப் பட்டியலிலிருந்து நீக்கி மறுபடி இணையுங்கள். நங்கூரங்களில் கால் பங்குக்கு மேல் இப்படி நகர்ந்திருந்தால் இணைப்பையே நம்ப முடியாது என்பதால், முடிவுகளை நிறுத்திவைத்து வல்லுநரை அழையுங்கள். அவர் வரும்போது, தெரிவுகள் மாற்றப்படாத மூல விடைக் கோப்பு, வினாத் தொகுப்பு வரிசை, பயிற்றுமொழி, தேர்வு மையம் ஆகியவற்றின் குறியீடுகள், உத்தேச விடைக்குறிப்பும் இறுதி விடைக்குறிப்பும் தேதியோடு, அச்சான வினாத்தாள்களில் எல்லாப் பதிப்பிலும் ஒவ்வொரு படி ஆகியவை மேசையில் இருக்கட்டும்.